ஒளியைப் பகுத்து வண்ணம் தொகுத்தல்

நுழையும்முன்

விண்முகில்களின் வண்ணப்படங்களை நூல்களிலும் நாளிதழ்களிலும் கண்டு வியக்கிறோம். அவ்வண்ணங்கள் வானில் உள்ளவையா, மனிதர் தீட்டியவையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்திற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மூன்று பதிவுகள், ஒரு படம்

வண்ணத்தைப் பகுத்துப் பதிவுசெய்து மீண்டும் தொகுக்கும் முறை விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு முன்பே தோன்றியது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், 1861ஆம் ஆண்டு இலண்டனில் பலநிற நாடா ஒன்றின் வண்ணப்படத்தைத் திரையில் காட்டினார். தாமஸ் சட்டன் என்னும் ஒளிப்படக் கலைஞர் அந்நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்களின் வழியே தனித்தனியாகப் படம்பிடித்திருந்தார். அவை யாவும் கறுப்பு வெள்ளைப் பதிவுகளே. ஒவ்வொரு பதிவையும் அதற்குரிய வடிப்பானின் வழியே திரையில் வீழ்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது வண்ணம் பிறந்தது.

படைப்பின் தூண்கள்

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படக்கருவியும் ஒளியின் அளவை மட்டுமே பதிவுசெய்யும், நிறத்தை அறியாது. ஏறத்தாழ 6500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கழுகு விண்முகிலை 1995ஆம் ஆண்டு அது படம்பிடித்தபோது, குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் கடத்தும் மூன்று குறும்பட்டை வடிப்பான்கள் பயன்பட்டன. ஆக்சிஜன் அயனியின் ஒளியை (501 நானோமீட்டர்) ஒன்றும், ஹைட்ரஜனின் ஒளியை (656 நானோமீட்டர்) மற்றொன்றும், கந்தக அயனியின் ஒளியை (ஏறத்தாழ 672 நானோமீட்டர்) வேறொன்றும் பிரித்தெடுத்தன. 'படைப்பின் தூண்கள்' என்று உலகப் புகழ்பெற்ற படம் இவற்றின் தொகுப்பே ஆகும்.

இவற்றுள் ஹைட்ரஜன், கந்தகம் ஆகிய இரண்டின் ஒளியும் கண்ணுக்குச் சிவப்பாகவே தோன்றும். உள்ளபடியே நிறம் தந்தால் இரண்டும் கலந்து, வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே, அலைநீளம் மிகுந்த கந்தகத்திற்குச் சிவப்பும், இடைப்பட்ட ஹைட்ரஜனுக்குப் பச்சையும், குறைந்த ஆக்சிஜனுக்கு நீலமும் அளிக்கப்பட்டன. நிறம் மாறினும் அலைநீள வரிசை மாறவில்லை.

தொகுக்கும் முறை

காஸ்மிக் கதிர்கள் உணரியில் மோதுவதால் பொய்ப்புள்ளிகள் தோன்றும். ஒரே வடிப்பானில் எடுத்த இரு பதிவுகளை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் காணப்படும் புள்ளிகளை முதலில் நீக்குவர். பின்னர், விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு பதிவுகளை இம்மியும் பிசகாமல் பொருத்துவர். ஹைட்ரஜனின் ஒளி பெரும்பாலும் மிகுந்திருக்கும்; எனவே, மங்கிய பதிவுகளும் புலப்படும் வகையில் ஒளிச்செறிவைச் சமன்செய்வர். இறுதியில் நிறமளித்து இணைப்பர்.

நிறம் கூறும் செய்தி

கந்தக அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கக் குறைந்த ஆற்றல் போதும். ஆக்சிஜன் அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை நீக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். எனவே, நீலம் மிகுந்த பகுதி, வெப்பமிக்க இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் வலுவாகத் தாக்கும் இடம் எனலாம். கந்தகத்தின் சிவப்போ அடர்ந்த வளிமத்தின் விளிம்புகளில் மிகுந்து காணப்படும். கறுப்பு வெள்ளைப் பதிவுகளைத் தனித்தனியே நோக்கின் எளிதில் புலப்படாத இவ்வுண்மையை, தொகுத்த படம் ஒரே பார்வையில் உணர்த்துகிறது.

2022ஆம் ஆண்டு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே தூண்களை அகச்சிவப்புக் கதிர்களில் படம்பிடித்தது. அக்கதிர்களைக் கண்ணால் காண இயலாது. கண் காணும் நிறமே உண்மை என்று வரையறுத்தால், அங்குப் படமே இல்லை என்றாகிவிடும்.

எனவே, விண்முகிலின் வண்ணப்படம் வெறும் ஓவியமன்று. கண்ணின் எல்லையைக் கடந்த அளவீடுகளைக் கண்ணுக்கு உரைக்கும் மொழிபெயர்ப்பு. எந்த வடிப்பானுக்கு எந்த நிறம் அளிக்கப்பட்டது என்பதைப் படத்துடன் வெளியிடுவதே அம்மொழிபெயர்ப்பின் நேர்மை. அக்குறிப்பையும் சேர்த்துப் படிப்பவரே படத்தை முழுமையாகக் கண்டவர் ஆவர்.