கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: ஒரே ஸ்டேஜ், வேறு வேறு பலன்... ஏன்?

ஒரே வயது, ஒரே ஸ்டேஜ், ஒரே சிகிச்சை. ஆனாலும் ஒரு பெண் குணமாகிவிடுகிறார். இன்னொருவருக்கு நோய் திரும்ப வருகிறது. என்ன காரணம்?

பதிலில் ஒரு பகுதி, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியில் இருக்கிறது.

இந்தப் புற்றுநோய்க்கு பெரும்பாலும் ஹெச்.பி.வி வைரஸ்தான் காரணம். வைரஸ் புகுந்த செல்களை அழிப்பது 'சி.டி.8 டி-செல்' எனும் வெள்ளை அணுக்களின் வேலை. கட்டிக்குள் இவை நிறைய இருந்தால், சிகிச்சையின் பலன் பொதுவாக நன்றாக இருக்கிறது.

ஆனால், சில கட்டிகள் பி.டி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி டி-செல்களுக்கு பிரேக் போட்டுவிடும். அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்துதான் பெம்புரோலிசுமாப். 2021-ல் வெளியான கீநோட்-826 ஆய்வில், நோய் திரும்பிய அல்லது பரவிய நிலையில், பி.டி-எல்1 இருந்த பெண்கள் கவனிக்கப்பட்டார்கள். கீமோவுடன் இந்த மருந்தையும் பெற்றவர்களில் 2 ஆண்டுகள் கழித்து 53 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் இது சுமார் 42 சதவிகிதம்.

மருந்தின் விலை மிக அதிகம். எனவே, நோய் திரும்பினாலோ பரவினாலோ, கடன் வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: "பயாப்ஸியில் பி.டி-எல்1 பார்த்தாச்சா? இந்த மருந்து எங்களுக்குப் பலன் தருமா?"

இத்தனை இருந்தும், பலனைப் பெரிதும் தீர்மானிப்பது நோய் எந்த ஸ்டேஜில் தெரியவருகிறது என்பதுதான். 30 வயதைத் தாண்டிய பெண்கள் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியையும் மறக்க வேண்டாம்!