பழகிய கல், பறக்கும் இறக்கை: எப்படி இயங்குகிறது?

மல்லேஸ்வரம் மார்கோசா சாலையில், ஏழாவது கிராஸ் பக்கம் இருக்கும் சி.டி.ஆர். ஓட்டலுக்குப் போய்வந்தவர்கள் வெண்ணெய் மசாலா தோசையின் முறுகலைப் பற்றிப் பேசுவார்கள். அந்த முறுகலைக் கிழியாமல் எடுத்துக் கொடுக்கும் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். மல்லேஸ்வரத்தை ஒட்டிய இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1942-இலேயே விமானப் பொறியியல் துறை தொடங்கிவிட்டது. ஊரின் கிழக்கே, பழைய விமான நிலையச் சாலைப் பக்கம், தேசிய விண்வெளி ஆய்வகங்களில் (என்.ஏ.எல்.) மேற்பரப்புப் பொறியியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி தோசைக்கல்லின் கேள்விதான்: உலோகம் அரிக்கவும் கூடாது, மேலே விழுவது ஒட்டிக்கொள்ளவும் கூடாது.

புது இரும்புக் கல்லை யாரும் கடையிலிருந்து நேரே அடுப்புக்குக் கொண்டுபோவதில்லை. கழுநீரில் சில நாள் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவுவார்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு வட்டமாகத் தேய்ப்பார்கள். அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கழுவினாலும் கரையாத கறுப்புப் படலமாக இரும்பில் இறுகிவிடுகின்றன. இரும்பின் நுண்குழிகள் அடைபடுகின்றன. தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொட முடிவதில்லை, மாவுக்கும் பிடிமானம் கிடைப்பதில்லை. “கல் பழகிடுச்சு” என்று பாட்டிமார் சொல்வது இந்த நிலையைத்தான்.

விமானத்தின் தோல் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் ஓரளவு தானே பழகிக்கொள்ளும் உலோகம். காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் அதன்மேல் படியும். இரும்பின் துருவைப் போல அது உதிராது. ஆனால் தூய அலுமினியம் மிருதுவானது, அதைக் கொண்டு இறக்கை செய்ய முடியாது. வலுவுக்காகச் செம்பு சேர்க்கிறார்கள். விமானங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் 2024 என்ற கலவையில் 4 சதவீதத்துக்குச் சற்றே அதிகமாகச் செம்பு உண்டு. வலுவைத் தரும் அந்தச் செம்புதான் அரிப்புக்கும் வழிவிடுகிறது. செம்பு திரண்ட நுண்துகள்களுக்கும் சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடும். அலுமினியம் கரைந்து குழி விழும். அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

அதன் விலையை 1988 ஏப்ரல் 28 அன்று உலகம் பார்த்தது. ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் சுமார் 5.5 மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது 89,680 முறை பறந்திருந்த விமானம். தகடுகளை ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போக, கடற்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அரித்திருந்தது. ஓயாத அழுத்த மாற்றம் விரிசல்களை வளர்த்துவிட்டது.

ஆகவே அலுமினியத்தையும் பழக்குகிறார்கள். பாகத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரத்தின் நேர்முனையோடு இணைத்தால், நானோமீட்டரில் இருந்த படலம் மைக்ரான் கணக்கில் வளரும். இது அனோடைசிங். கடல் விமானங்களைக் காப்பதற்காக 1923-இல் பிரிட்டனில் வந்த முறை. கல்லில் படலம் எண்ணெயிலிருந்து வருகிறது, இங்கே உலோகமே தன் தோலைத் தடிமனாக்கிக்கொள்கிறது. அதனால் இது உரிந்து வராது. இந்தத் தோல் முழுக்க நுண்துளைகள் இருக்கும். வெந்நீரில் இட்டால் ஆக்சைடு உப்பி அவற்றை அடைத்துவிடும். அடைக்காமல் விட்டால் அடுத்துப் பூசும் ப்ரைமர் உள்ளே இறங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே வெயிலையும் மழையையும் தாங்கும் பாலியூரித்தேன் வண்ணம். எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும்.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ப்ரைமர். ஓட்டல் மாஸ்டர் ஒவ்வொரு ஈட்டுக்கும் எண்ணெய் தொட்டுத் துடைத்து, தோசைத்திருப்பியால் விழுந்த கீறலை அப்போதைக்கப்போது ஆற்றிவிடுகிறார். பறக்கும் விமானத்தின் கீறலை யார் ஆற்றுவது? ப்ரைமரில் கலந்திருக்கும் குரோமேட் உப்பு அந்த வேலையைச் செய்கிறது. கீறலில் ஈரம் இறங்கியதும் உப்பு கொஞ்சம் கரைந்து, வெறும் உலோகம் தெரியும் இடத்துக்குப் போய்ப் படிந்து அதை மூடிவிடும். இவ்வளவு நன்றாகத் தானே ஆறும் பொருள் வேறு எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அது நிலத்தடி நீரைக் கெடுத்ததை வட ஆற்காட்டு மக்கள் நன்றாக அறிவார்கள். விமானத்துக்கு நல்லது என்பதற்காக, அந்த உப்பைத் தயாரிப்பவரும் தெளிப்பவரும் சுரண்டி எடுப்பவரும் நோயை ஏற்க வேண்டும் என்பதில் நியாயமில்லை. மூன்று இணைதிறன் குரோமியம், சீரியம், லித்தியம் உப்புகள், சோல்-ஜெல் பூச்சுகள் என்று மாற்றுத் தேடல் உலகெங்கும் நடக்கிறது. என்.ஏ.எல்.லும் அதில் இருக்கிறது.

மாற்றுப் பூச்சு தேறுமா என்று பார்க்க, 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புநீரைப் பனிப்படலமாகத் தெளித்து நாள்கணக்கில் வைக்கிறார்கள். இன்னொரு கடுமையான தேர்வுக்கூடம் நம் கடற்கரையிலேயே உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அரிப்பை அளந்துவந்திருக்கிறது. மண்டபத்துக்குப் பக்கத்து உச்சிப்புளியில்தான் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளமும் இருக்கிறது. கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் விமானங்களை நன்னீரில் கழுவுவது வழக்கம். எந்தப் பூச்சானாலும் இந்தக் கழுவலுக்கு ஈடில்லை.

கார்பன் இழையால் செய்தால் அரிப்பே இராதே என்று கேட்கலாம். பெங்களூரில் உருவான தேஜஸ் போர் விமானத்தின் வெளிப்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கலப்பிழைப் பொருள்தான். ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு ஈரத்தில் உரசினால், தான் பிழைத்து அலுமினியத்தை அரிக்கவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி இழை அடுக்கு வைக்கிறார்கள், இணைப்புக்கு டைட்டானியம் ஆணிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இனி ஒட்டாமை. பெங்களூரில் ஏது பனிக்கட்டி என்று தோன்றும். நம் பகுதியில் ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு மேலே போனாலே வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அங்கே மழைமேகத்தில் உறைய வேண்டிய துளிகள் உறையாமல் திரவமாகவே மிதக்கும். இறக்கையின் முன்விளிம்பில் மோதிய கணமே அவை கட்டியாகிவிடும். எடை கூடுவதைவிட, இறக்கையின் வடிவம் கெடுவதே ஆபத்து. காற்று வழுவாமல் ஓட வேண்டிய வளைவில் மேடு விழுந்தால் தூக்குவிசை போய்விடும்.

கல்லைப் பழக்கியதுபோல இறக்கையையும் வழுக்கலாக்கினால் போதாதா? நீரை உருட்டிவிடும் பூச்சுகளை என்.ஏ.எல். உட்படப் பல இடங்களில் ஆய்கிறார்கள். நுண்மேடுகளின் இடுக்கில் காற்றைச் சிறைவைப்பதே அவற்றின் உத்தி. சிக்கலும் அதே இடுக்கில்தான். காற்றின் ஈரம் அங்கே உறைபனியாகப் படிந்தால், கீறல் விழுந்த கல்லில் மாவு இறங்கிப் பிடிப்பதுபோல, பனிக்கட்டி பல் ஊன்றிவிடும். 2011-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இடுக்குகளைக் காற்றுக்குப் பதிலாக எண்ணெயால் நிரப்பிப் பார்த்தார்கள். பனி எளிதில் வழுக்கியது. ஆனால் எண்ணெய் தீரும், நடுவானில் மறுபடி தடவ ஆள் இல்லை. பறக்கும் வேகத்தில் மழைத்துளியும் தூசியும் முன்விளிம்பை இரும்பு நார்போலத் தேய்ப்பது தனிக் கதை.

ஆகவே இன்றும் நம்பகமானவை சூடும் திருப்பியும்தான். ஜெட் விமானங்களில் எஞ்சினிலிருந்து எடுத்த சூடான காற்றைக் குழாய் வழியே முன்விளிம்புக்குள் விடுகிறார்கள். போயிங் 787-இல் மின்சூடு. பெங்களூரிலிருந்து சிறு நகரங்களுக்குப் போகும் ஏ.டி.ஆர்-72-இல் ஏறும்போது முன்விளிம்பைப் பாருங்கள், கறுப்பு ரப்பர் உறை தெரியும். காற்றடைத்ததும் அது உப்பிப் பனியை உடைத்துத் தள்ளும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில், உறைக்குப் பின்னால் பனி மேடுகட்டி ஒரு ஏ.டி.ஆர்-72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். அதன்பின் உறையின் அகலம் கூட்டப்பட்டது. பூச்சு இந்த ஏற்பாடுகளுக்கு உதவியாளாக வரலாம், மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தலாம். தனியாக நம்பும் அளவுக்கு அது இன்னும் தேறவில்லை.

குளிர்காலத்தில் ஸ்ரீநகரிலோ வெளிநாட்டிலோ, இறக்கைமேல் சூடான கிளைக்கால் திரவம் தெளிப்பதற்காக விமானம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறக்கையில் உறைபனி ஒட்டியிருக்கும்போது விமானம் மேலெழும்ப விதிகள் அனுமதிப்பதில்லை.