ராடு தாங்குமா?

ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ: 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஹைதராபாத்தின் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு இதுவே தாராளம். ஆனாலும் எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் 'ரீமேப்' ஆசை யாரை விட்டது? அப்போதுதான் கேள்வி வருகிறது: பிஸ்டன், கனெக்டிங் ராடு தாங்குமா?

ராடை வளைப்பது பெரும்பாலும் முறுக்குவிசைதான். நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே டர்போ காற்றைத் திணித்தால் சிலிண்டர் அழுத்தம் எகிறி ராடை நசுக்கும். அதிக சுற்றிலோ பிஸ்டனின் எடையே ராடைப் பிடித்து இழுக்கும். சுற்று இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு.

இன்னொரு எதிரி, மே மாத வெயில். 40 டிகிரியில் உள்ளே போகும் காற்றும் சூடு. சுடர் வந்து சேருமுன்பே ஓரத்துக் கலவை தானாக வெடிக்கும். இதுதான் 'நாக்கிங்'. அந்த அடியில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வரப்பு விரிசல் விடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், நாக்கிங்கை நிறுத்தாது. அதற்கு நிதானமான டியூனிங்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரின் ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பெட்டிக்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர்தான். எஞ்சினைப் பிரிக்குமுன் அந்தப் பெட்டியின் கிளட்சைத்தான் பார்க்க வேண்டும்.