கழற்றி எறிந்த கவசங்கள்

வீடு கட்டும் இடமாகட்டும், தச்சுப் பட்டறையாகட்டும், மின்சாரத்தால் ஓடும் கைக்கருவி இல்லாமல் இன்று ஒரு வேலையும் நடப்பதில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1895ஆம் ஆண்டில் கையில் ஏந்தக்கூடிய துளையிடும் யந்திரம் பிறந்த நாள்தொட்டு, இக்கருவிகளைச் செய்வோர் ஒவ்வொரு பாதுகாப்பாக யோசித்துச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனால் நம்முடைய வேலைத்தளங்களைச் சற்றே உற்றுப் பார்க்கும் எவருக்கும், மனிதனுடைய ரக்ஷணைக்கென்று யந்திரத்தில் எது பொருத்தப்பட்டதோ அதுவே முதலில் கழற்றப்படுகிறது என்ற வருந்தத்தக்க உண்மை புலப்படும்.

கம்பியையும் கல்லையும் அறுக்கும் கிரைண்டிங் மெஷினையே எடுத்துக்கொள்வோம். நான்கு அங்குலத் தட்டு மாட்டிய சாதாரண மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. அப்போது தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கணக்காகிறது. அந்தக் கட்டிங் தட்டு உருக்கினால் ஆனதன்று. உராயும் பொடியைப் பிசினில் குழைத்து, கண்ணாடி இழை வலையோடு சேர்த்து அழுத்திச் செய்தது. ஈரத்தில் கிடந்தாலோ, கீழே விழுந்து மயிரிழை போன்ற விரிசல் கண்டாலோ, நாட்பட்டுப் பிசின் வலுவிழந்தாலோ, சுழலும்போதே அது சிதறக்கூடும். நடுத் துவாரத்தைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் அதன் காலாவதித் தேதி பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்க அரை நிமிஷம் போதும்.

சிதறிய துண்டு முகத்துக்கு வராமல் தடுப்பதற்கே ‘கார்டு’ என்னும் அரைவட்டத் தகடு இருக்கிறது. அதைக் கழற்றுகிறவரைச் சோம்பேறி என்று ஏசுவது நியாயமாகாது. நான்கு அங்குலத் தட்டு சுவரில் வேண்டிய ஆழம் இறங்காதபோது, பேசிய கூலிக்கு அன்றே வேலையை முடித்தாக வேண்டியவர், பெரிய தட்டை மாட்டுவதற்கு இடைஞ்சலாக நிற்கும் கார்டை எடுத்துவிடுகிறார். தட்டு பெரிதாகும்போது விளிம்பின் வேகமும் கூடுகிறது, மறைப்போ போய்விட்டது. இதனினும் கொடியது, மரம் அறுக்கும் பல் தட்டை இதே மெஷினில் மாட்டும் வழக்கம். பற்கள் ஒரு கணுவில் சிக்கிய க்ஷணத்திலேயே மெஷின் துள்ளித் திரும்பி, பிடித்திருப்பவரின் தொடையிலோ கழுத்திலோ பாயும். சுதாரித்துக்கொள்ள மனித சரீரத்துக்கு அவகாசமே கிடையாது. மரம் அறுக்க அதற்கென்றுள்ள மெஷின்தான் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத மின்சாரம். மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் நீண்டிருப்பது, செருகும்போது எர்த் முதலில் சேரவும் பிடுங்கும்போது கடைசியில் விலகவும் வேண்டும் என்பதற்காகவே. உள்ளே ஒயர் தேய்ந்து மெஷினின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், கசியும் மின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குப் போய், பியூஸும் எரிந்து இணைப்பு அறுந்துவிடும். அந்த முள்ளை உடைத்துவிட்டாலோ, பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயர் முனைகளைத் துவாரங்களில் திணித்துத் தீக்குச்சியால் இறுக்கினாலோ, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் மனிதனைத் தவிர அதற்கு வேறு வழி ஏது? நூறு வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 430 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. இருதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் நாலில் ஒரு பங்கும் வேண்டியதில்லை. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்த மெஷின்களுக்கு இரட்டைக் காப்பு உண்டாகையால் எர்த் தேவைப்படாது. ஆனால் பிய்ந்த ஒயரும், டேப் சுற்றிய மூட்டும் அவற்றிலும் அபாயமே.

துளையிடும்போது கையுறை, தோள் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் கூடாது. சுழலும் முனை துணியைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். வெயிலுக்கு அணியும் கண்ணாடி அதற்கு ஈடாகாது. தட்டையோ முனையையோ மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். டைல்ஸ், கிரானைட் அறுக்கும்போது எழும் வெண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத வியாதியைத் தருவதால், தக்க முகக்கவசம் இன்றி அவ்வேலையைத் தொடலாகாது.

வேலைக்கு ஆள் அழைக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், வேலை ஆரம்பிக்குமுன் அதை வைத்துவிடுங்கள். வந்தவருடைய மெஷினில் கார்டும் பிளக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றை வாங்கிப் பொருத்த ஆகும் செலவையும், அதனால் போகும் அரை நாள் கூலியையும் நீங்களே கொடுங்கள்.