இனிப்பும் மருந்துமான குல்கந்து

1576ஆம் ஆண்டுப் போரால் அறியப்பட்ட ராஜஸ்தானின் ஹல்தீகாட்டி, இன்று குல்கந்துக்கும் பெயர்பெற்றது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலரும் ‘சைத்தி குலாப்’ ரோஜாவின் இதழ்களைச் சர்க்கரையுடன் அடுக்கடுக்காகச் சாடியில் இட்டு, சில வாரங்கள் வெயிலில் வைப்பர். அடுப்பே தேவையில்லை, இதழின் நீரைச் சர்க்கரை ஈர்த்துக்கொள்ள, இரண்டும் குழைந்து மணமிக்க பாகாகின்றன. பாலிலும் வெற்றிலையிலும் சேர்ப்பது இதனையே. உடற்சூடு தணியவும் மலச்சிக்கல் நீங்கவும் யுனானி, ஆயுர்வேத மருத்துவர்கள் இதனை அளிப்பதுண்டு. ஆயினும், மருந்துதானே என்று நீரிழிவு உடைய பெரியவர்கள் கரண்டி கரண்டியாக உண்பது தகாது. எடையில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரையே. வீட்டில் செய்ய விரும்புவோர் பூச்சிமருந்து தெளிக்காத பன்னீர் ரோஜாவையே தேடிப் பெறவேண்டும். வங்கி விழாக்களில் எங்கள் கைக்கு வரும் பூங்கொத்து ரோஜா, எத்துணை அழகாயினும், சமையலறைக்கு உரியதன்று.