உக்கியோ-எ ஹீரோஸ்

உக்கியோ-எ ஹீரோஸ் என்பது நிகழ்பட ஆட்டங்களின் கதைமாந்தர்களை ஜப்பானிய மரபு மர அச்சு ஓவியங்களாக உருவாக்கும் கலைத்திட்டம் ஆகும். அமெரிக்க ஓவியர் ஜெட் ஹென்றியும் ஜப்பானில் வாழும் மர அச்சுக் கலைஞர் டேவிட் புல்லும் 2012 ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டி இதைத் தொடங்கினர்.

பின்னணி

‘மிதக்கும் உலகின் ஓவியங்கள்’ எனப் பொருள்படும் உக்கியோ-எ அச்சுகள், எடோ காலத்தில் (1603–1868) பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டன. கபுகி நடிகர்களும் சுமோ மல்லர்களும் அவற்றில் பெரிதும் இடம்பெற்றனர். ஆகவே இன்றைய வெகுமக்கள் நாயகர்களை வரைவது இம்மரபின் தொடர்ச்சியாகவே அமைகிறது. எடுத்துக்காட்டாக, ‘மாரியோ கார்ட்’ ஆட்டத்தின் பந்தய வண்டி இங்கு கைரிக்‌ஷாவாக மாறுகிறது.

செய்முறை

ஹென்றியின் கோட்டோவியம் செர்ரி மரப்பலகையில் ஒட்டப்பட்டு, கோடுகள் மட்டும் மேடாக நிற்குமாறு செதுக்கப்படுகிறது. வெவ்வேறு நிறங்களுக்குத் தனித்தனி அச்சுப்பரப்புகள் தேவை. நீரில் கரைத்த நிறமி பூசிய பலகையில் தாளை வைத்து, ‘பரென்’ எனும் வட்டத் தேய்ப்பானால் கையாலேயே அழுத்துவர். பலகை ஓரத்தில் உள்ள அடையாள வெட்டுகள் நிறங்கள் விலகாமல் காக்கின்றன.

முக்கியத்துவம்

மரபு முறையில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் கூட்டுழைப்பில்தான் ஓர் அச்சு உருவாகும். புதிய ஓவியங்கள் வராவிட்டால், செதுக்குபவருக்கும் அச்சிடுபவருக்கும் பழைய படைப்புகளின் மறுபதிப்பு மட்டுமே எஞ்சும். இத்திட்டம் அவர்களுக்குப் புதிய பணியையும், அக்கலைக்கு இளைய தலைமுறை வாங்குநர்களையும் பெற்றுத் தந்தது.