ரவுட்டரில் ஒரு கதவு போதும்

வங்கி இதழில் ரவுட்டரைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். கணக்கு எழுதும் அலுவலகக் கணினியிலேயே இணைய வங்கிச் சேவையையும் பயன்படுத்தும் சிறுதொழில் வாடிக்கையாளர்கள் பலர். அக்கணினியை வீட்டிலிருந்து இயக்குவதற்காக, ரவுட்டரில் 3389 என்னும் போர்ட்டை எவரோ என்றோ திறந்துவிட்டிருப்பார். விண்டோஸின் தொலைநிலை இயக்க வசதிக்குரிய எண் அது. திறந்த போர்ட்டுகளைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. ஆகவேதான் இது எங்கள் கவலையும் ஆகிறது.

தனி விபிஎன் கருவி இதற்கு நல்ல மாற்று. ஆனால் இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் அதைப் பொருத்தினால் மட்டும் போதாது. வெளியிலிருந்து வரும் அழைப்பை அக்கருவிக்கு அனுப்புமாறு ரவுட்டருக்குச் சொல்ல வேண்டும். முதலில் கருவிக்கு 192.168.1.50 போன்ற மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். இல்லையேல் ஒரு மின்தடைக்குப் பின் முகவரி மாறி, இணைப்பு அறுந்துவிடலாம். பின்னர் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தில் அம்முகவரிக்கு வழி அமையுங்கள். வயர்கார்டு முறைக்கு வழக்கமான எண் 51820. ஓப்பன்விபிஎன் முறைக்கு 1194. இரண்டுக்கும் பொதுவாக யுடிபி என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டிசிபி என்று விட்டுவிட்டுக் கருவியைக் குறை கூறுவோர் உண்டு. ஐபிசெக் முறையாயின் யுடிபியில் 500, 4500 ஆகிய இரண்டும் தேவை.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாமல், கைபேசியின் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். அப்போதும் இணைப்பு கிடைக்கவில்லையெனில், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பொது முகவரி ஒன்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பினுள் நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயனில்லை. நிலையான பொது முகவரியை இணைய நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். பெரும்பாலும் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் மறப்பது, பழைய 3389 வழியை நீக்குவதைத்தான். அதை நீக்காதவரை விபிஎன் வாங்கியும் வாசல் திறந்தே கிடக்கிறது. அவசரத்துக்காக ‘டிஎம்இசட்’ வசதியில் அலுவலகக் கணினியை வைப்பதும் வேண்டாம். அது ஏறத்தாழ எல்லாப் போர்ட்டுகளையும் அதற்குத் திறந்துவிடுவதாகும். ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கணக்கிலிருந்து அறியாத தொகை ஏதும் போயிருந்தால், அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள்.